கயிறு அசையவில்லை

வெள்ளைப் பலகையைக் கழற்றி
மைலோ டின் மேல் சாய்த்தேன்.
சறுக்குப் பாதை தயார்.
கோலிக்குண்டு, பொம்மைக் கார், அழிப்பான்,
யாரோ ஜன்னலோரம் காயவைத்திருந்த
லொங்கான் கொட்டை ஒன்று.
எது முதலில் கீழே வரும்?
ஆறு கைகள் உயர்ந்தன.
ஏழாவது கை மூக்குக்குள் இருந்தது.

புக்கிட் பாஞ்சாங். புளோக்கின் கீழ்த்தளம்.
தமிழுக்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம்.
சுவருக்கு அப்பால் சீன வகுப்பு
ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருக்கிறது.
இந்த வாரம் எங்களுக்குத்
தள்ளுதலும் இழுத்தலும்.

'தள்ளு' என்றேன்.
ருத்ரேஷ் வெண்பாவைத் தள்ளினான்.
பத்து நிமிடம் அழுகைக்குப் போனது.

கார் ஓடி மேசைக்காலில் முட்டியது.
கோலிக்குண்டு அலமாரிக்கு அடியில் போனது,
போனதுதான்.
அழிப்பான் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.
'அது தூங்குது டீச்சர்.'
உராய்வு என்று சொல்ல வாயெடுத்தேன்,
ஐந்து வயதுத் தொண்டைக்கு
அந்தச் சொல்லே சொரசொரக்கும் என்று விழுங்கிவிட்டு
பலகையில் துண்டை விரித்தேன்.
இப்போது காரும் தூங்கியது.
துண்டில் எல்லாருக்கும் தூக்கம் வரும்
என்று முடிவு செய்தார்கள்.
நான் மறுக்கவில்லை.

தலைக்கு மேலே எல்ஆர்டி கடந்தது.
ஓட்டுநர் இல்லாத வண்டி.
'அத யாரு தள்றா?'
மின்சாரம் என்றேன்.
'மின்சாரத்த யாரு தள்றா?'
தண்ணீர் குடிக்கும் நேரம் என்றேன்.

புட்டியை மூடாமலே முஃபீதா சொன்னாள்:
'எங்கம்மா ஏர்போர்ட்ல டிராலி தள்ளுவாங்க.
நூறு. ஒரே தடவையில.'
எல்லாரும் சிரித்தார்கள்.
நூறா? என்று நானும்தான் கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
'மொதல்ல நகரவே நகராதாம்.
நகந்துருச்சுன்னா
நிறுத்துறதுதான் கஷ்டமாம்.'

வியாழக்கிழமைக்கு வைத்திருந்த பாடம் அது,
படம் வரைந்து, அம்புக்குறி ஒட்டி.
செவ்வாய்க்கிழமையே
ஈரமான வாயோடு
ஒரு பிள்ளை சொல்லி முடித்துவிட்டாள்.

பிறகு தாண்டுகயிறு.
இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர்,
முஃபீதா நடுவர்.
குதிகால்கள் தரையைக் கடித்தன.
வெண்பாவின் ரிப்பன் அவிழ்ந்தது.
கயிறு அப்படியே நின்றது.

'பாருங்க, அசையல.
அப்போ இங்க விசை இருக்கா?'
இல்லை என்றார்கள் கூட்டாக.
என் கையிலிருந்த அட்டையிலும்
கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருந்தேன்.

செழியன் கயிற்றை விட்டான்.
எதிரணி மூவரும் மல்லாந்தார்கள்.
அதைக் கவனிக்காமல் என்னிடம் வந்து
உள்ளங்கையை விரித்தான்.
குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு.
'இருக்கு டீச்சர். எரியுது.'

மாலை, உட்கார இடமில்லாத எல்ஆர்டி.
பெட்டிர் நிலையத்தில் வண்டி நின்ற பிறகும்
என் உடம்பு ஒரு விரற்கடை முன்னால் போனது.
அப்போதுதான் நினைவு வந்தது,
தினமும் எட்டு நாற்பதுக்கு வாசலில்
செழியன் அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்திருப்பதும்
அவர் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்
வேலைக்காலணியோடு நிற்பதும்.
பதிவேட்டில் நான் எழுதுவது:
'அமைதியாக வந்தான்.'

அட்டையில் அந்த வரியை அடித்தேன்.
வேறு வரி கிடைக்கவில்லை.

மறுநாள் எட்டு நாற்பது.
வாசலில் யாரும் அசையவில்லை.
வா என்று நான் கையை நீட்டவில்லை.
உள்ளே சியூ லான் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.
அவருடைய மாப் எதையோ இடித்தது.
அலமாரிக்கு அடியிலிருந்து
நேற்றைய கோலிக்குண்டு
தூசி பூசிக்கொண்டு
நிதானமாக உருண்டு வந்தது.

செழியன் ஓடிவிட்டான்.
அப்பா இன்னும் கொஞ்சம் நின்றார்.
அவர் சட்டையின் ஓரம்
கசங்கி, கூம்பி,
அவன் இழுத்த பக்கமே
நீண்டுகொண்டிருந்தது.